வெறும் பெட்டி போதும் என்றாள் என் மகள்

என் மகள் எஸ்தர் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்தி ஒன்பது மாதமாகியிருந்தது. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அன்பான சகோதர சகோதரிகளே, தீராத நோய் தீர்ந்ததையும் வராத வேலை வந்ததையும் சொல்லப் பலர் இந்த இடத்தில் எழும்பி நின்றிருக்கிறார்கள். என்னுடையது அவ்வளவு பெரிய காரியமல்ல. ஒரு பத்து வயதுப் பிள்ளை வாய் திறந்து தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் நான் அழுது ஜெபித்தேன்.

சென்ற வருடம் பங்குனி மாதம் என் கணவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. நாட்கூலிக்குப் போன மனிசன். விழுந்த அன்றோடு கூலியும் நின்றது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி, அதன் பிறகு வீட்டில் ஒரு கதிரையில் இருப்பு. நான் விடியற்காலையில் எழும்பி இடியப்பம் அவித்து, பாலையூற்றில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினேன். அடுப்பெரிய அது போதும். அதற்கு மேல் ஒன்றுக்கும் போதாது.

எஸ்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தி அவள் அப்படிப்பட்ட பிள்ளையல்ல. கடைத்தெருவுக்குப் போனால் அது வேணும் இது வேணும் என்று என் உடுப்பைப் பிடித்து இழுத்து என் மானத்தை வாங்குகிற பிள்ளை. தகப்பன் விழுந்த பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. கடையில் ஒரு சாமானைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் திரும்பினால் சட்டென்று சுவரைப் பார்ப்பாள். ஆவணியில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்டும் வேண்டாம் அம்மா" என்றாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். நானும் சிரித்துத் தலையாட்டினேன். உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. பத்து வயதில் ஆசையே இல்லாத பிள்ளை எங்கே இருக்கிறது? ஆசையை விழுங்கிவிட்டுத் திரிகிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? சின்னவன் சாமுவேலுக்கு ஐந்து வயது. அவன் வானத்தில் போகிற விமானத்தையும் கேட்பான். அவனைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கார்த்திகை கடைசியில் ஞாயிறு பாடசாலையிலிருந்து துண்டு வந்தது. கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குப் பிள்ளைகளின் பார்சல்களைக் கொண்டுவந்து தரும்படி எழுதியிருந்தார்கள். வேறு சபைகளிலிருந்து வந்திருப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். பெற்றோரே தங்கள் பிள்ளைக்கு ஒரு பரிசு வாங்கி, சுற்றி, பெயர் எழுதி, பிள்ளைக்குத் தெரியாமல் ஞாயிறு பாடசாலையில் கொடுத்துவிட வேண்டும். விழா அன்று நத்தார் தாத்தா வேடம் போட்டவர் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பிள்ளை அதை எல்லோருக்கும் முன்னால் பிரித்துத் தூக்கிக் காட்டும். சின்னப் பிள்ளைகள் தாத்தா கொண்டுவந்தார் என்று நம்பும். பெரிய பிள்ளைகளுக்கு விசயம் தெரியும். தாய்மாராகிய நாங்கள் யார் வீட்டுப் பார்சல் எவ்வளவு பெரிது என்று கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்போம். பொய் சொல்லக்கூடாது, நானும் நிறுத்தவள்தான்.

அந்தத் துண்டை எஸ்தர்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, தம்பிக்கு மட்டும் ஏதாவது வாங்குங்கோ. எனக்கு வெறும் பெட்டியைப் பேப்பர் சுத்தி வையுங்கோ. நான் பிரிக்காமக் கொண்டு வாறன். ஆக்களுக்குத் தெரியாது."

நான் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பு மூட்டாத நேரம். புகை என்று சொல்லவும் வழியில்லை. நிலத்தில் இருந்து அழுதேன். என் கணவருடைய இடுப்புக்காக எத்தனையோ தரம் ஜெபித்திருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை. ஆண்டவரே, இந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும், என்னால் கொடுக்க முடிகிறதோ இல்லையோ அவள் கேட்க வேண்டும், என்றுதான் வாயில் வந்தது.

அடுத்த நாள், தெரிந்தவர்கள் காணக்கூடாதென்று முகத்தை மூடிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் போனேன். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கி, அங்கே நிலத்தில் படங்குச் சாக்கை விரித்து விற்பார். அவரிடம் சாமுவேலுக்கு ஒரு விளையாட்டு லொறி எடுத்தேன். அதற்குப் பக்கத்தில் பற்றரியில் பாடுகிற சின்ன ஓர்கன் ஒன்று கிடந்தது. எஸ்தர் பாட்டுக்காரி. ஆராதனையில் ஓர்கன் வாசிக்கிறவரின் விரலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

"சொல்லித்தான் தருவன் தங்கச்சி" என்றார் நானா. "இந்தக் கறுப்புக் கட்டை ஒண்டு சத்தம் போடாது. மத்ததெல்லாம் நல்லா வேல செய்யும்."

"இது ஆர் வீட்டுச் சாமான் நானா?"

"அத மட்டும் கேக்காதீங்க. தந்தவங்க சொல்ல வேணாமெண்டாங்க. நீங்க வாங்கினதையும் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அந்த மனிசனுக்கு இருந்த நேர்மை எனக்கு இருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓர்கனில் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கர்களையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். பான்சிக் கடை ஒன்றில் கெஞ்சி ஒரு புதுப் பெட்டி வாங்கி அதற்குள் வைத்தேன். கதிரையில் இருந்த என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசெண்டாப் பழசெண்டு குடுமன். என்னத்துக்கு இந்த வேசம்?" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அங்க போய் நிக்கிறது நான்தானே" என்று சீறினேன். எழும்ப முடியாமல் இருக்கிற மனிசனிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பிறகு பார்சலின் மேல் கையை வைத்து இன்னொரு ஜெபமும் செய்தேன். இது பழையது என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது ஆண்டவரே என்றேன்.

அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்கவில்லை.

மார்கழி நடுவில் ஒரு ஞாயிறு பிற்பகல். வெளியே மழை. மண்டபம் நிறைந்திருந்தது. சாமுவேல் லொறியை வாங்கிய கையோடு நிலத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் புதிதும் ஒன்றுதான், பழையதும் ஒன்றுதான். அடுத்தது எஸ்தரின் பெயர். வெறும் பெட்டி என்று நினைத்து அவள் பிரிக்காமல் திரும்பிப் போகப் பார்த்தாள். தாத்தா விடவில்லை, பிரி பிரி என்றார். பிரித்தாள். முதலில் மண்ணெண்ணெய் மணம்தான் வந்தது. பிறகு ஓர்கனைக் கண்டாள். அவளுடைய முகம் மலர்ந்ததை ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

ஒரு பாட்டு வாசி என்றார்கள். தடவித் தடவி நத்தார் பாட்டொன்றின் முதல் வரியை வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் வரவில்லை. அப்போது முன் வரிசையில் இருந்த ஷரோன் எழும்பினாள். எங்கள் ஞாயிறு பாடசாலை ஜெயந்தி டீச்சரின் மகள். எஸ்தரின் வயதுதான்.

"அது என்ர ஓர்கன்" என்றாள். "அந்தக் கட்டை சத்தம் போடாது. என்ர ஓர்கன் எப்பிடி இவளிட்டப் போனது?"

எனக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்ணின் குரல், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிறபடி வந்தது. "ஒவ்வொரு நாளும் விடிய டீச்சர் வீட்டுக்கு இடியப்பம் கொண்டு போறவ இவதானே."

சகோதரிகளே, நான் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. நான் எழும்பி, காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். பெட்டி புதிது, சாமான் பழையது, வேடம் போட்டவள் நான். என் பேச்சை யார் நம்புவார்கள்? மேடையில் எஸ்தர் ஓர்கனைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா எடுத்தீங்களா என்று அந்தக் கண் கேட்டது. சாகும்வரை அந்தப் பார்வையை மறக்கமாட்டேன். கர்த்தாவே ஒரு வாயைத் திறந்துவிடும் என்று மனதுக்குள் கதறினேன். என் வாய் திறக்கவில்லை.

ஜெயந்தி டீச்சர் எழும்பினார்.

"அவ எடுக்கேல்ல. நான்தான் வித்தனான்" என்றார்.

"அநாதை இல்லத்துப் பிள்ளையளுக்குக் குடுத்தனெண்டு சொன்னீங்களே அம்மா" என்றாள் ஷரோன்.

"பொய் சொன்னனான் பிள்ளை." பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "ஷரோன்ர அப்பாவுக்கு வெளிநாட்டில சம்பளம் குடுக்காமல் ஆறு மாசம். வீட்டுச் சாமான் ஒவ்வொண்டாக் குடுத்துத்தான் சமாளிக்கிறன். ஆருக்கும் சொல்ல எனக்கு ஏலாமல் இருந்தது."

புருசன் வெளிநாட்டில் இருக்கிற வீடு என்று நான் பொறாமைப்பட்ட வீடு அது. அந்தப் பெண் தன் மானத்தை எல்லோருக்கும் முன்னால் கழற்றி என்னைப் போர்த்தினார். நானும் எழும்பி, சந்தைக்குப் பின்னால் நானாவிடம் பழையதாக வாங்கியதையும் பெட்டியை மாற்றியதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அழுதோம்.

மழை கொஞ்சம் விட்டதும் பிள்ளைகளோடு வீட்டுக்கு நடந்தேன். என் மனதில் ஒரே எண்ணம்தான். எஸ்தரிடம் சொன்னேன்: "நாளைக்கு விடிய இதை ஷரோனிட்டயே குடுப்பம் பிள்ளை. டீச்சர் எங்களுக்காக எவ்வளவு பெரிய காரியம் செய்தவ."

சரி அம்மா என்பாள் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் சரி அம்மா என்கிற பிள்ளையல்லவா. அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"ஏலாது" என்றாள்.

"என்ன?"

"நான் குடுக்கமாட்டன். எனக்கு இது வேணும் அம்மா. பழசெண்டாலும் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கணம் கோபம்தான் வந்தது, என்ன நன்றி கெட்ட பிள்ளை என்று. கையைக்கூட ஓங்கினேன். அப்போதுதான் காதில் விழுந்தது அவள் சொன்ன வார்த்தை. எனக்கு வேணும். ஒன்பது மாதமாக அவள் வாயில் வராத வார்த்தை, நான் குசினி நிலத்தில் இருந்து கேட்ட வார்த்தை. தூறலில் நின்றபடியே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுநாள் இடியப்பம் கொண்டுபோனபோது டீச்சரிடம் வெட்கத்தோடு விசயத்தைச் சொன்னேன். "நான் திருப்பித் தாங்கோ எண்டு கேக்கேல்லையே அக்கா" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் ஷரோன் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இரண்டு பேரும் எனக்கு உனக்கு என்று ஓர்கனுக்கு அடிபடுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் கணவர் தடியூன்றி வாசல் படலை வரைக்கும்தான் நடக்கிறார். டீச்சர் வீட்டுச் சம்பளம் இன்னும் வரவில்லை. நான் இன்னும் இடியப்பம்தான் அவிக்கிறேன். ஆனால் நானாவின் படங்குக்கு முன்னால் இப்போது முகத்தை மூடாமல் நிற்கிறேன். எஸ்தரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மண்ணெண்ணெய் போத்தலைத் தொடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லித் திரிகிற பிள்ளை இருக்கலாம். நல்ல பிள்ளை என்று சந்தோசப்பட்டு விட்டுவிடாதீர்கள். முழங்காலில் நில்லுங்கள். உங்கள் வெறுங்கையைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். என் வேடத்தைக் கலைத்த ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், உங்களுடையதையும் கேட்பார்.

இந்த மாதம் எஸ்தர் என்னிடம் இரண்டு சாமான் கேட்டாள். ஒன்றுதான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. மற்றதற்காகப் பின்னேரம் முழுக்க அழுதாள். அந்த அழுகைக்காகவும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.