கம்பியில் தொங்கும் துண்டு

பின்லாந்தின் அந்த ஏரி உறைந்துவிட்டால், குளிப்பதற்காகப் பனிக்கட்டியில் அறுத்த குழிக்கு ஹில்க்காதான் காவல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. குடித்துவிட்டு வருகிறவர்களை விரட்டியடிப்பாள். இறங்குகிறவர் துண்டைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். துண்டு தொங்கினால் தண்ணீரில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாக வந்த யால்மரி, மனைவி நீந்திக்கொண்டிருக்கும்போதே அவள் துண்டை எடுத்துக்கொண்டு, கரையிலிருந்த சவுனா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு நடந்தான். ஹில்க்கா ஓடிவந்து பிடுங்கினாள்.

“துண்டு வெறச்சுப் போச்சும்மா. அடுப்புல கொஞ்சம் சூடு காட்டிக் குடுக்கலாம்னு...”

“வெறைக்கட்டும்! ஊர்ல இல்லாத பாசம்! உன் பொண்டாட்டி கரையேறுற வரைக்கும் இதைத் தொட்டே, உன்னையும் உள்ளே தள்ளிடுவேன்!”

சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்து குளிர்காலங்களுக்கு முன் தன் கணவன் வெய்க்கோவின் துண்டை ஹில்க்காவும் அப்படித்தான் சூடு காட்ட உள்ளே எடுத்துப் போனாள். வெறும் கம்பியைப் பார்த்தவர்கள், எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று கலைந்துவிட்டார்கள். கை மரத்து, ஏணியைப் பிடிக்க முடியாமல் வெய்க்கோ மூழ்கியதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அவனை வெளியே இழுத்துப் போட்டபோது, அவள் கையிலிருந்த துண்டு இன்னும் சூடாகத்தான் இருந்தது.