அமெரிக்கத் துரைக்காக நான் பேசிய தமிழ்

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு, சர்க்கார் கச்சேரியில் எனக்கிருந்த மொழிபெயர்ப்பு வேலை போய்விட்டது. ரெட்டியார்பாளையத்து அந்துவான் நடத்திய டிரான்ஸ்லேஷன் ஆபீஸில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒரு டைப் அடித்த தாளைக் கையில் கொடுத்தார். ஊரைப் பார்க்க வரும் ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்பு அது. கோதுமை விவசாயியின் மகன், வக்கீல், மாகாணச் சட்டசபையில் இரண்டு முறை, இப்போது அவர்கள் பார்லிமென்டின் கீழ்ச்சபையில். அடுத்து செனட்டுக்கு நிற்கப் போகிறார். படித்ததும் எனக்கு அவர்மேல் மரியாதையே வந்தது.

1. குப்பத்தில்

மறுவாரம் அவரை மீனவர் குப்பத்துக்கு அழைத்துப் போனோம். நான்தான் இன்டர்பிரெட்டர். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலை, தன் புருஷன் காத்தவராயனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினாள்.

"கண்ணுல அழுத்தம் ஏறிக்கினே போவுதாம் ஐயா. இந்த மாசமே கத்தி வைக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில பெட்டும் சொல்லி வச்சிருக்காரு. இவரு பயந்துக்கினு போவ மாட்டேங்கிறாரு."

நான் சொன்னதைக் கேட்டதும் அமெரிக்கர் காத்தவராயன் தோளில் கை போட்டார். தன் அப்பாவும் கண் தெரியாமல்தான் செத்தார் என்றார். குரல் தழுதழுத்தது. கூட வந்தவர் போட்டோ எடுத்தார். "எங்கள் ஊர் டாக்டர்களிடம் பேசி, என்னால் ஆனதைப் பார்க்கிறேன்" என்றார் அமெரிக்கர்.

அந்துவான் என் காதோரம் வந்தார். "நல்லா சொல்லுப்பா. ஜனங்க மனசு குளிரணும்."

நான் சொன்னேன்: "அமெரிக்க டாக்டரை வச்சே கண்ணைச் சரி பண்ணித் தரேன்னு துரை சொல்றாரு. கடுதாசி வரும்."

காத்தவராயன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

2. கடுதாசி

கடுதாசியை நம்பி, அஞ்சலையும் காத்தவராயனும் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தெரியும். அமெரிக்கருக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போதாவது அஞ்சலையிடம் போய், "அவர் அப்படிச் சொல்லலம்மா, நான்தான் கூட்டிச் சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். வெட்கத்தால் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவர்கள் மெட்ராஸுக்குப் போனபோது, பார்வை திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

3. புத்தகம்

அடுத்த வருஷம் ஆபீஸுக்கு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அவர் செனட்டராகிவிட்டார். தேர்தலுக்காகப் போட்ட அவருடைய வாழ்க்கை வரலாறு அது, இங்கே கொடுக்கத் தமிழிலும் வேண்டுமாம். நாலாம் பக்கத்துப் படத்தில் அவருடைய அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்றும் தானே நிலத்தை உழுகிறார்" என்று கீழே எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் காத்தவராயன் தோளில் செனட்டரின் கை. "ஆசிய ஏழைகளின் தோழர்."

"முசியே, இந்த ஆளுக்குக் கண்ணு போயிடுச்சு" என்றேன் அந்துவானிடம்.

"அது புக்ல இருக்கா?" என்றார் அந்துவான்.

"இல்ல."

"அப்ப இருக்கறதை எழுது."

எழுதினேன். எனக்கும் குடும்பம் இருந்தது.

அச்சான பிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அஞ்சலையிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் படத்தைப் பார்த்தாள். புருஷன் முகத்தை விரலால் தொட்டாள்.

"அன்னிக்கு அவரு பேசுன இங்கிலீசு எங்களுக்கா தெரியும்? உன் வாயத்தானே ஐயா பாத்துக்கினு நின்னோம். அவரு நெசமாவே அப்படிச் சொன்னாரா?"

"இல்லம்மா. பார்க்கறேன்னு மட்டும்தான் சொன்னாரு."

அவள் திட்டவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்து நின்றவருக்கு மீன் ஆயத் தொடங்கினாள். அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய மனுஷன் "பார்க்கிறேன்" என்றால் "பார்க்கிறேன்" என்றே சொல்லுங்கள். எதிரே நிற்பவர் முகம் வாடினால் வாடட்டும். மெட்ராஸுக்குப் பஸ் ஏறவாவது அவருக்கு நேரம் இருக்கும்.