ஒரே விமானம், வேறு மூக்கு

எங்கள் வீட்டு மாடியறை அலமாரியில் ஒரே விமானம் வரிசையாக நின்றிருந்தது. ஒரே விமானம் என்பது என் கட்சி. ஒவ்வொன்றும் வேறு என்பது மாமாவின் கட்சி.

அம்மாவின் தம்பி அவர். கணபதி என்ற பகுதியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். பாட்டில் மூடி, மோட்டார் விசிறி, சுவிட்சுப் பெட்டி என்று பிளாஸ்டிக்கில் எது வார்ப்பதானாலும் அதற்கு முதலில் இரும்பில் அச்சு வேண்டும். தொழிலில் அதை டை என்பார்கள். அதை வெட்டிக் கொடுப்பது மாமாவின் வேலை. பெற்றோர் இல்லாததால் சூலூரில் எங்களோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஒட்டினார்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் பெட்டி வரும். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம், விமானியின் இருக்கை எல்லாம் துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்கும். வெட்டியெடுத்து, அரம் போட்டு, பசை வைத்துச் சாயம் அடித்தால் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு போர் விமானம். பெட்டியின் மேலுள்ள படம் ஒவ்வொரு முறையும் புதிது. ஒன்றில் கடலுக்கு மேல் பறக்கும், இன்னொன்றில் பனிமலைக்கு மேல். திறந்தால் ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் விமானம். அந்தப் போரில் வேறு எதுவுமே பறக்கவில்லையோ என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கம்பெனிகள் அதையே திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டிருந்தன.

எனக்குப் பத்து வயது. ஒரு நாள் இரண்டு பெட்டிகளின் இறக்கைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் இடது இறக்கையின் உள்பக்கம், ஒரே இடத்தில், ஒரு சின்ன வட்டம். வட்டத்தின் ஓரத்தில் ஒரே மாதிரி ஒரு கீறல். மாமாவிடம் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. “வார்த்தத டைல இருந்து வெளிய தள்ளி உடற கம்பியோட தடம் கண்ணு அது. கண்டுபுடிச்சுபோட்டயே!”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங் மாமா?”

“றெக்கைக்கு ஒரே டை. டை வெட்டறதுலதாங் கண்ணு செலவெல்லாம். வெட்டிப்போட்டவன் அதுல எத்தன அடிக்க முடியுமோ அத்தன அடிப்பான். ஆனா மூக்கு வேற. இதுக்கு விசிறில மூணு தகடு, அதுக்கு நாலு. நீயே எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தேன். மூன்றும் நான்கும் சரியாக இருந்தன. ஆனாலும் ஒரு தகடு கூடினால் புது விமானம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அப்பா என் பக்கம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவர் விசைத்தறி ஓட்டினார். நெய்வது சாயமேற்றாத ஒரே காடாத் துணி. அது சாயப்பட்டறைக்குப் போய், வேறு வேறு கடைகளில் வேறு வேறு பெயரில் விற்பதை அவர் பார்த்திருக்கிறார். “மாப்ள, ஒனக்கு லேபிள் மாத்தி லேபிள் மாத்தித் தலைல கட்டறான். நீயும் வாங்கி வாங்கி அடுக்கற” என்பார், தறிச் சத்தத்தில் பழகிய உரத்த குரலில்.

“லேபிள் மட்டும் மாத்தறவனும் இருக்கறானுங் மச்சான். இல்லேன்னு சொல்லலீங். நான் அத வாங்கறதில்லீங்” என்பார் மாமா.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தினமும் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே ஒரு சரக்கு விமானம் போகும். வயிறு பெருத்தது. இரண்டு என்ஜின்களும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தாற்போல இருக்கும். எனக்கு வேண்டியது அது. மாமா தேடாத இடமில்லை. கிடைக்கவில்லை. யாரும் பார்த்திராத ஸ்பிட்ஃபயருக்கு இத்தனை பெட்டி; நான் தினமும் பார்க்கிற விமானத்துக்கு ஒரு பெட்டி இல்லை. அடுத்த பெட்டியிலாவது அது இருக்கும் என்று ஏனோ ஒவ்வொரு முறையும் நம்பினேன்.

இந்த நிலையில் மாமாவுக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது.

அவருக்கு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்த காலம். தோட்டம் வைத்திருப்பவனிடம் கம்பெனி ஏன் இல்லை என்பார்கள். கம்பெனி வைத்திருப்பவனிடம் தோட்டம் ஏன் இல்லை என்பார்கள். மாமாவிடம் வாடகைக் கட்டடத்தில் ஒரு பட்டறை இருந்தது. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் காபி குடித்துவிட்டுப் போய், பிறகு தரகர் மூலம் ஒரு காரணம் சொல்லியனுப்பியிருந்தன. இந்த முறை கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாகிவிட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதுதான் பாக்கி.

அம்மாவுக்கு முதல் கவலை அலமாரி. “இந்த வயசுல பொம்ம வெச்சு வெளையாடறான்னு சொல்லிப்போடுவாங்கடா தம்பி. எல்லாத்தையும் பெட்டில போட்டுக் கட்டிலுக்கடியில தள்ளு.”

“எல்லாத்தையுமாங் அக்கா?”

“செரி, அழகுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்.”

எது அந்த ஒன்று என்பதில் சிக்கல் வந்தது. மாமா ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். அதை எடுத்துவிட்டு நுனி வெட்டிய இறக்கை உள்ளதை வைத்தார். பிறகு பழையதையே வைத்தார். நான் அட்டைப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் முடியும் வேலை. அம்மா கீழே ஒப்புட்டு சுட்டபடியே கத்திக்கொண்டிருந்தாள். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மாமா மூன்றாவதாக இன்னொன்றை எடுத்தபோது வாசலில் கார் ஹாரன் கேட்டது. எல்லா விமானங்களும் அலமாரியிலேயே நின்றுவிட்டன.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவதில்லை. அன்று வந்துவிட்டாள். அவளுடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் காரை ஓட்டிக்கொண்டு வந்ததே அவள்தான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் மாடல்களைத் தைத்து அனுப்பும் பொறுப்பு. பெரியவர்கள் கூடத்தில் தோட்டம், கிணறு, மின்வெட்டு என்று பேச ஆரம்பித்ததும், “மாடியப் பாக்கலாங்களா?” என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா மறுக்க வழியில்லை. என்னைத் துணைக்கு அனுப்பினாள். மாமா பின்னால் வந்தார்.

அவள் நேராக அலமாரியிடம் போனாள். இரண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இது ரெண்டும் ஒரே ஸ்டைல்தானுங்களே?”

நான் நிமிர்ந்தேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். மூக்கைச் சொன்னார், விசிறியைச் சொன்னார், இறக்கையின் அடியில் காற்று வாங்கும் பெட்டி ஒன்றா இரண்டா என்று சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கவனித்துக் கேட்டாள்.

“நாங்களும் இப்படித்தானுங்க. ஒரே பனியன். நெஞ்சுல இருக்கற பிரிண்ட மாத்திப்போட்டா அது புது ஸ்டைல். புது நம்பர் போட்டு அனுப்புவோம்.”

“வெறும் பிரிண்ட்னா அது ஏமாத்துங்க. இதுல அச்சே மாறுது பாருங்க.”

“பனியன்லயுந்தானுங்க கழுத்து மாறுது. வாங்கறவங்களுக்கு ஏமாத்துன்னு தோணலீன்னா அப்பறம் அது ஏமாத்தா?”

மாமா கழுத்தையும் மூக்கையும் ஒப்பிட்டு ஏதோ சொல்லப் பார்த்தார். தோற்றுக்கொண்டிருந்தாலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் பொறுமையிழந்து, ஒட்டாமல் கிடந்த இரண்டு இறக்கைகளை எடுத்து வந்து வட்டத்தையும் கீறலையும் அவளுக்குக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “உங்க மாமனுக்கு நீதான் செக்கிங் பண்ற ஆளாட்டம் இருக்குது அம்மணி. ஒனக்கு எது புடிச்சிருக்குது இதுல?”

எதுவுமில்லை என்றேன். வயிறு பெருத்த விமானத்தைச் சொன்னேன்.

“அத எவனும் பண்ணமாட்டான் கண்ணு. விக்குமா விக்காதான்னு தெரியாததுக்கு எவன் துணி வெட்டுவான்? வித்ததையேதான் மறுக்காவும் வெட்டுவான்.”

“நான் வெட்டலாம்னு இருக்கறனுங்க” என்றார் மாமா.

எனக்கே அது புதுச் செய்தி. கம்ப்யூட்டரில் பாதி வரைந்து வைத்திருப்பதாகச் சொன்னார். வேலை குறைவான மாதத்தில் பட்டறையிலேயே டை வெட்டிவிடலாம் என்றும், என்ஜின் இறக்கைக்கு மேலே வருவதால் அச்சை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குழப்பம் என்றும் சொன்னார். அவள் கையை இறக்கை போல வைத்து, “இப்படிக் குறுக்க பிரிச்சா ஆகாதுங்களா?” என்றாள். அவர் அவள் கையைப் பார்த்தபடி யோசித்தார். கீழேயிருந்து தரகர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை அவளுடைய அப்பாவே கூப்பிட்டார்.

வாசற்படியிறங்கும்போது அவளுடைய அப்பா மாடியறை இருந்த திசையைப் பச்சைக் கண்ணாடி வழியே ஒரு தடவை பார்த்தார். “கலந்து பேசிச் சொல்றமுங்க” என்றார்.

அதற்குப் பின் வந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாமா பட்டறைக்குத் தாமதமாகப் போய்ச் சீக்கிரம் வந்தார். ஓர் இறக்கை நுனியை உப்புத்தாளில் தேய்க்க உட்கார்ந்து, வளைவே போகுமளவு தேய்த்துவிட்டார். மின்சாரம் வரும், போகும்; வந்தால் தறிகள் ஓடும், போனால் வீடு சட்டென்று அமைதியாகும். அந்த அமைதியில் போன் அடித்தால் மாமாவும் நானும் ஒன்றாக ஓடுவோம். அவர் தரகரை எதிர்பார்த்தார். நான் கூரியர்காரரை எதிர்பார்த்தேன். யாரோ ஒருவர் நூல் பாவு பற்றி அப்பாவைக் கேட்பார். இருவரும் ஏமாந்து திரும்புவோம்.

கடைசியில் இரண்டு அழைப்பும் ஒரே நாளில் வந்தன. காலையில் தரகர். போனை அம்மா எடுத்தாள்.

“ஏனுங், பொண்ணுக்குப் புடிச்சிருக்குதுன்னுதான சொன்னீங்? … செரிங். … ஜாதகமெல்லாம் மொதல்லயே பாத்தாச்சுங்களே. … போன எடத்துக்கும் இதையேதானுங் சொன்னீங்.”

வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது. “அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்து வெய்யின்னேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாமா செருப்பைப் போட்டார், கழற்றினார், மாடிக்குப் போனார். அன்று பட்டறைக்குப் போகவில்லை.

மத்தியானம் கூரியர் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் மாடிக்கு ஓடினேன். நாடாவைக் கிழித்தேன். மேலே பாலைவனப் படம். மணல் நிறச் சாயம் அடித்த ஒரு விமானம். இந்த முறை மூக்கின் அடியில் பெரிய தாடை போல ஒன்று தொங்கியது. மற்றபடி அதே வால், அதே இறக்கை.

“மாமா! இதுவும் அதேதானுங்!”

மூக்கு வேறு என்பார், தாடையைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்வாதம் தயாராக வைத்திருந்தேன். மாமா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தொடவில்லை.

“ஆமாங் கண்ணு,” என்றார். “எல்லாம் ஒண்ணுதான்.”

ஜெயித்துவிட்டேன். அத்தனை மாதம் வாதாடிக் கிடைக்காதது ஒரே நொடியில் கிடைத்துவிட்டது. இதை என் கட்சிக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? படிகளில் குதித்திறங்கித் தறிக் கொட்டகைக்கு ஓடினேன். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவின் காதருகே போய்க் கத்தினேன்.

“அப்பா! எல்லாம் ஒண்ணுதான்னு மாமாவே ஒத்துக்கிட்டாங்!”

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் அது நடந்ததில்லை. மின்வெட்டு பாதி நாளைத் தின்ற அந்த வருடங்களில், இருக்கிற மின்சாரத்தில் ஓட்டினால்தான் துணி. மின்சாரம் இருக்கும்போது விருந்தாளி வந்தாலும் தறி நிற்காது, காய்ச்சலென்றாலும் நிற்காது. அப்பா தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டு மாடியேறினார். நான் பின்னால் போனேன்.

கட்டிலில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். “ஏன் மாப்ள, இந்தத் தாடைய எதுக்கு வெச்சிருக்கறான்?” என்று, எனக்குப் பழக்கமில்லாத தாழ்ந்த குரலில் கேட்டார்.

மாமா திரும்பிப் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். அப்பா காத்திருந்தார்.

“பாலைவனத்துல மணல் பறக்குமுங் மச்சான். என்ஜினுக்குள்ள போகாம இருக்க வடிகட்டி.”

“அப்ப இது மத்ததெல்லாம் மாதிரி இல்ல.”

“இல்லீங்.”

“எங்க, அந்தப் பழசையும் எடு. பக்கத்துல வெச்சுக் காட்டு பாக்கலாம்.”

மாமா எழுந்து அலமாரியைத் திறந்தார். அப்பா ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, மூக்கைத் தடவிப் பார்த்து, “ஓ”, “அப்படியா” என்று கேட்டுக்கொண்டார். லேபிள் என்ற பேச்சே எடுக்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவேளை அவர் மறந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது.

“கரண்ட் இருக்குதுங்கப்பா” என்றேன்.

“இருந்துட்டுப் போகுது கண்ணு” என்றார், அடுத்த விமானத்துக்குக் கையை நீட்டியபடி.

எனக்கு அழுகை முட்டியது. நான் ஜெயித்த வழக்கை, என் பக்கம் சாட்சி சொல்லிவந்த அப்பாவே, தறியை நிறுத்திவிட்டு வந்து எதற்காக மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.