சேத்தாண்டியின் தோளில்

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவின் கடைசி நாளில் ஆண்கள் எல்லாரும் உடம்பு முழுக்கச் சேற்றைப் பூசிக்கொண்டு தெருத்தெருவாக ஆடுவார்கள். சேத்தாண்டி வேடம் என்று பெயர். சேறு பூசினால் சொறி சிரங்கு அண்டாது என்பது நம்பிக்கை. மேல்மலையில் வளர்ந்த எனக்கு அதில் அதிசயம் எதுவும் தெரிந்ததில்லை. பின்னால் கொடைக்கானலில் படிக்கப் போய், இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தபோதுதான் எல்லா ஊரிலும் சேறு பூசுவதில்லை என்று அறிந்தேன்.

எனக்கு எட்டு வயதில் கை கால் முழுக்கச் சிரங்கு வந்தது. டாக்டர் கொடுத்த களிம்பில் ஆறியும் விட்டது. ஆனால் களிம்பு வாங்கப் போன வழியிலேயே அம்மா அம்மனிடமும் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆகவே நன்றி இரண்டு இடத்துக்கும் போக வேண்டியிருந்தது. டாக்டருக்கு ஒரு பை பீன்ஸ், அம்மனுக்கு நான்.

வேண்டுதல் இருந்தால் பெண் பிள்ளைகளும் சேறு பூசலாம். சந்தோஷத்தில் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: எந்த வாசலில் வேண்டுமானாலும் நின்று ஆடு, பெரியப்பா வீட்டு வாசலில் மட்டும் நிற்காதே. ஓடைத் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்ற தகராறில் அப்பாவுக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

அன்று வெள்ளனே ஓடைக்கரைக்குப் போனோம். அப்பாவே எனக்குப் பூசிவிட்டார். சேறு ஐஸ் மாதிரி இருந்தது. பல் கிட்டிக்கொண்டாலும் சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அவரும் பூசிக்கொண்டு என் கையைப் பிடித்தார். கொட்டு முழங்கியது. ஆடினோம், கத்தினோம், சறுக்கி விழுந்து எழுந்தோம். கோயில் திருப்பத்தில் வெடிக்கட்டைக் கொளுத்தியதும் கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. அப்பாவின் கை வழுக்கிப் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் எங்கும் அப்பா. ஐம்பது அறுபது பேர் ஒரே நிறத்தில், ஒரே முகத்தோடு. ஒரு கையைப் பிடித்து இழுத்தேன், மளிகைக்கடைக்காரர். இன்னொன்றைப் பிடித்தேன், யாரென்றே தெரியவில்லை. அதற்குள் கீழே விழுந்துவிட்டேன். என்னைச் சுற்றி ஆடும் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு குதிகால் என் விரலை மிதித்தது. வீறிட்டேன். அப்போது இரண்டு கைகள் என்னை அக்குளில் பிடித்துத் தூக்கித் தோளில் உட்கார வைத்தன.

அப்பாடா என்று அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து பார்க்க ஊரே என்னுடையது மாதிரி இருந்தது. "வெரசாப் போப்பா" என்றேன். ஓடினார். இன்னும் வெரசாக என்றேன். இன்னும் ஓடினார். கோயிலை இரண்டு சுற்றுச் சுற்றினார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சேறு வாய்க்குள் போய்விடும் என்று பேசாமல் வருகிறார் என நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் எனக்குத் திக்கென்றது. அவர் நேராகப் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றார். குனிந்து காதில் சொன்னேன். "அப்பா, இங்க நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு." அவர் அசையவில்லை. பெரியம்மா வெளியே வந்தாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பானகம் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். ஒரே மூச்சில் குடித்தேன்.

எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதும் அம்மாவின் அழுகை கேட்டது. வாசலில், பாதி காய்ந்த சேற்றோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். ஊர் முழுக்க என்னைத் தேடிவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். நான் கீழே நின்ற அப்பாவைப் பார்த்தேன். பிறகு என் இரண்டு காலுக்கும் நடுவிலிருந்த தலையைப் பார்த்தேன். பிடித்திருந்த முடியை விட்டுவிட்டேன்.

அவர் என்னை மெதுவாக இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா என்னை இழுத்து ஒரு குடம் பச்சைத்தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாள்.

"குளிச்சிட்டுப் போங்க" என்றார் அப்பா.

அந்த ஆள் நின்றார். அப்பா அம்மாவிடம், "அடுப்புல வெந்நி கெடக்குல்ல, அத எடுத்துட்டு வா" என்றார்.

அவரைக் கல்லில் உட்கார வைத்து அப்பாவே ஊற்றினார். முதல் செம்பில் தோள் தெரிந்தது. அடுத்ததில் காது. மூன்றாவது செம்பில் பெரியப்பா வந்தார். அப்பா ஊற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வேண்டுதல் என்னுடையது, சிரங்கு என்னுடையது, எனக்குப் பச்சைத்தண்ணீர். சண்டைக்காரருக்கு வெந்நீரா? பொழுது சாயும்வரை அதையே சொல்லி அழுதேன். பச்சைத்தண்ணீரில் குளித்தால் பெரியப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு வரும் என்பது எனக்குத் தெரியாது. சேறு கரைந்து முகம் தெரியும் முன்பே அப்பா வெந்நீர் கேட்டுவிட்டார் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.