கடலைப் பார்த்த ஸ்டார்

மைதாப் பசை கொதிக்கும் வாசனை வந்தால் போதும், தீவின் உள்பக்கம், கராச்சர்மாவில் நாங்கள் இருக்கும் இந்த மாடி வீடு கரைந்து, கடலோரத்துப் பழைய மர வீடு எழுந்து வந்துவிடும். தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருக்க, அப்பா மூங்கில் குச்சிகளைக் கட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி, கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்வார். ஊரே ஸ்டாரை வாசலில் தொங்கவிடும்போது அவர் மட்டும் கடலைப் பார்த்திருக்கும் பின்பக்க ஜன்னலில் தொங்கவிடுவார்.

"என்ன அண்ணே, கடல்ல நீந்துற மச்லிக்கா ஸ்டார் காட்டுறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார்.

"மெயின்லேண்டுலேர்ந்து கடல் தாண்டி ஜகாஜ்ல வர்றவங்களுக்கு நம்ம வீட்டு லைட்டுதாம்மா முதல்ல தெரியணும்" என்பார் அப்பா.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அப்பாவின் ஞாபகமும் உதிர்ந்துகொண்டிருக்கிறது; சில நாள் என் பெயரே அவருக்கு வருவதில்லை. கிறிஸ்துமஸாவது அவரிடம் மிஞ்சட்டும் என்று இந்த வருடம் நானே ஸ்டார் செய்து, ஆசை ஆசையாய் வாசலில் மாட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு ஜன்னலாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று புரிந்தது. ஓடிப்போய் ஸ்டாரைக் கழற்றி, சமையலறை ஜன்னலில் கட்டினேன். அங்கே தெரிவது அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான். ஆனால் அந்தப் பக்கம்தான் கடல். விளக்கைப் போட்டதும் அப்பா வந்து, சிவப்பு வெளிச்சத்தில் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா? ஜகாஜ்ல வந்தியா?"

"ஆமாப்பா."

"நம்ம லைட்டு தெரிஞ்சுதா?"

"தூரத்துலயே தெரிஞ்சுதுப்பா. அதப் பாத்துதான் வந்தேன்."