நடுவுக்கு இரண்டு பேர்

என் பிள்ளைகள் டீவியில் புட்போல் போட்டால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அங்கே போய்ச் சமையல் வேலை ஒன்றும் செய்வதில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டு, விசில் ஊதி முடியும்வரை இருப்பேன். யாரோ எவரோ எங்கேயோ விளையாடுகிறார்கள், உனக்கென்ன என்று வீட்டுக்காரர் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கஹவத்தையிலிருந்து உள்ளே போகிற பாதையில் எங்கள் ரப்பர் தோட்டம். சுற்றி நாலு பக்கமும் நாடு. தோட்டத்துக்கு வெளியே இருக்கிற சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்றுதான் சொல்வோம், ஏதோ நாங்கள் நாட்டில் சேராதவர்கள் மாதிரி. அங்கே இருந்தவர்களும் நல்லவர்கள்தான். வருசப்பிறப்புக்கு அவர்கள் பலகாரம் கொடுத்துவிடுவார்கள், தீபாவளிக்கு நாங்கள் கொடுத்துவிடுவோம். ஆனால் அது சண்டை நடந்த காலம். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போன நாட்டுப் பொடியன் யாராவது பெட்டியில் திரும்பி வந்தால், அந்தக் கிழமை ஏழு நாளும் அம்மா கடைக்குப் போகும்போது பொட்டை அழித்துக்கொண்டுதான் போவாள். திரும்பி வந்து, தாயே மன்னிச்சுக்க என்று சொல்லி மறுபடி வைத்துக்கொள்வாள்.

முந்தைய வருசம், நாட்டோடு வழக்கமாக ஆடுகிற வருசப்பிறப்பு புட்போல் மேச்சில் எங்கள் ஆள் ஒருவரின் முழங்கை பட்டு நாட்டுப் பொடியன் ஒருவனுக்குப் பல் உடைந்துவிட்டது. வேண்டுமென்று அடித்ததில்லை. இருந்தாலும் பொழுது சாய்ந்ததும் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கூரைத் தகரத்தில் கல் விழத் தொடங்கியது. எல்லாரும் ரப்பர் மலைக்குள் ஓடிப்போய் விடியும்வரை கிடந்தோம். காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடக்கூட அம்மா விடவில்லை, காய்ந்த சருகு சத்தம் போடும் என்று. எனக்குப் பக்கத்தில் ஒருத்தி தன் கைப்பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அவளுடைய கண்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகையால் இந்த முறை மேச்சே வேண்டாம் என்றுதான் தோட்டத்தில் பேச்சு. ஆனால் நாட்டிலிருந்து ஒரு பெரிய மனுசர் வெற்றிலை கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டார். வெற்றிலை வாங்கிய பிறகு மறுக்க முடியாது. போகாவிட்டால் மனதில் கோபம் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். போய் ஜெயித்தால் திமிர் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் அவர்கள் வாசலைக் கடந்துதான் நாங்கள் போக வேண்டும். போதாததற்கு, அந்த மாதம்தான் நாட்டுக்கு ஒரு பெட்டி வந்திருந்தது. லீவில் வந்திருந்த ஆமிக்காரப் பொடியன்களும் விளையாடுவார்கள் என்று சொன்னார்கள்.

அப்பா பால்வெட்டுக் கங்காணி. டீமுக்கும் அவர்தான் கங்காணி. யாரை எங்கே நிறுத்துவது என்பது அவர் வாயிலிருந்து வர வேண்டும். கோல் காக்கிற கோலியும் மற்ற ஆட்களும் சரியாகிவிட்டார்கள். நடுவில் நிற்கிற இரண்டு பேரில்தான் அவர் மனது நிற்கவில்லை. பெரியவர்கள் பேசக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த ஞானம் கொஞ்சம் இருந்தது. நடுவில் ஒருவன் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும், மற்றவன் அதை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குப் பகிர வேண்டும். பறிப்பதற்கு என் தாய்மாமா. பகிர்வதற்கு என் அண்ணன். மாமா பந்தை எடுக்கும்போதே அண்ணன் நகர்ந்திருப்பான். திரும்பிப் பார்க்கிற வேலையே இல்லை. இப்படி ஒரு சோடி ரத்தினபுரி முழுக்கத் தேடினாலும் கிடையாது என்று பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள்கூடச் சொல்வார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார், ஸ்டோரில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடுகிறவர், ஸ்டோர்க்கார அண்ணன் என்போம். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பந்து கிடைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டு அப்படியே நிற்பார். அவர் ஆட்டத்தைப் பார்த்தால் தூக்கம் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் பூசைக்குச் செவ்வரத்தம்பூ பறிக்கப் புள்ளக்காம்பராவின் பின்பக்கம் போயிருந்தேன். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற கட்டிடம் அது. அந்த நேரத்தில் ஆள் இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, நாளைக்கு பிராக்டீஸ்ல பெரியவன் கால்லயே அடி. பந்த விட்டுரு, கால்ல அடி."

"என்னா மச்சான் பேசுறீங்க? அக்கா மகன நானே அடிக்கவா?"

"நீதான் அடிக்கணும். நல்லா வலிக்கணும். நாட்டுப் பொடியனுங்க பஸ்ல பேசுவானுங்களே, அந்தப் பேச்சும் பேசு."

மாமா, "அக்கா என்னைய படியேற விடாது" என்றார்.

என் மடியிலிருந்த பூவெல்லாம் கீழே கொட்டிப்போனது. அண்ணன் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்று ஒரு மாதமாக அப்பாவோடு முட்டிக்கொண்டிருந்தான். கொழும்பில் ஆமிக்காரர் சுற்றி வளைக்கிற ரவுண்டப்பில் தமிழ்ப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், போகக் கூடாது என்று அப்பா. போவேன் என்று அண்ணன். அதனால் காலை உடைத்து வீட்டில் போடத்தான் அப்பா இந்த வழி செய்கிறார் என்று எனக்குப் பட்டது. சொந்தப் பிள்ளையின் காலை உடைக்கிற தகப்பன் அடுத்து யாரை என்ன செய்வாரோ என்று அன்று முழுக்க அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெளிய யார்கிட்டயாவது சொன்னே, நாக்குல சூடு வச்சிருவேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் முன்னைவிட வேகமாகப் புடைத்தாள். கல்லோடு சேர்ந்து அரிசியும் நிலத்தில் விழுந்தது. அம்மாவுக்கும் தெரியும் என்று அறிந்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. இனிச் சொல்ல ஆளில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போய், பூட்டியிருந்த கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் காலை மட்டும் காப்பாற்றிக் கொடு தாயே என்று அழுதேன்.

மறுநாள் பின்னேரம் எங்கள் மேட்டு மைதானத்தில் பிராக்டீஸ். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். மாமா சொன்னபடியே செய்தார். முதல் அடியில் அண்ணன் சிரித்தான், தவறிப் பட்டதென்று நினைத்து. அடுத்ததில் முகம் மாறியது. "என்னா மாமா, கண்ணு தெரியலயா?" என்றான். மாமா பதில் பேசாமல் மறுபடி அடித்தார். அண்ணன் முழங்காலில் விழுந்தான். அப்போது மாமா குனிந்து அந்தச் சிங்களப் பேச்சைச் சொன்னார். பஸ்ஸில் அதைக் கேட்டால் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வோம். எங்கள் ஆள் வாயில் அது வந்ததை அன்றுதான் கேட்டேன்.

அண்ணன் எழும்பின வேகத்தில் மாமாவின் மூக்கில் குத்திவிட்டான். ரத்தம் பனியனில் வழிந்தது. அப்பா ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை. நின்ற இடத்தில் நின்று, தலையை மட்டும் இரண்டு பக்கமும் ஆட்டினார். "நீ வெளிய போய் உக்காரு" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு மாமா, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டோர்க்கார அண்ணனுக்கும் அதே அடியும் அதே பேச்சும் கொடுத்தார். அவர் விழுந்தார், எழும்பினார், சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட்டார். அவ்வளவுதான்.

அன்று இரவு லயத்து வாசலில் அப்பா பெயர் சொன்னார். நடுவுக்கு மாமாவும் ஸ்டோர்க்கார அண்ணனும். எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். இருவரும் பின்னுக்கே நிற்கிறவர்கள், பந்தை முன்னால் கொண்டுபோக யார் இருக்கிறார், நல்ல சோடியைப் பிரிக்கிறீர்களே என்று.

"பந்து முன்னுக்குப் போகாட்டி பரவால்ல" என்றார் அப்பா. "நடுவுல நிக்கிறவனத்தான் அவனுங்க அடிப்பானுங்க. அடிச்சா எழும்பிப் பேசாம வர்றவன் ரெண்டு பேர் வேணும் எனக்கு. திருப்பி ஒரு கை ஓங்கினா, நம்ம புள்ளகுட்டி எங்க படுக்கும்?"

ஒவ்வொருவராகக் கலைந்து அவரவர் வாசலுக்குப் போனார்கள். அண்ணன் உள்ளே போய்ப் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மேச் வரைக்கும் அவன் அப்பாவோடு பேசவில்லை.

வருசப்பிறப்பன்று நாட்டு மைதானத்தில் கயிறு இழுப்பு, சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்து கடைசியில்தான் எங்கள் மேச். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் ஒரு மூலையில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அம்மா முந்தானைக்குள் கையை விட்டுத் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் அப்பா நினைத்தபடிதான் போனது. லீவில் வந்த உயரமான ஆமிக்காரப் பொடியன் ஒருவன் மாமாவையும் ஸ்டோர்க்கார அண்ணனையும் மாற்றி மாற்றித் தள்ளினான். இருவரும் விழுவதும் எழும்புவதுமாக இருந்தார்கள். பந்து எங்கேயும் போகவில்லை. நாட்டுச் சனம் சிரித்துச் சந்தோசமாக இருந்தது. அம்மாவின் மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

அப்போது ஸ்டோர்க்கார அண்ணன் ஒரு முறை விழுந்து எழும்பவில்லை. கணுக்கால் வீங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து வெளியே வைத்தார்கள். வெளியே இருந்த ஆட்களில் விளையாடத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். ஆள் குறைவாக ஆடினால் கோபித்துக்கொண்டு நிற்பதாக எண்ணுவார்கள். நாட்டுப் பெரியவரும், "கங்காணி, ஆளை இறக்கு, இறக்கு" என்று கையைக் காட்டினார்.

அப்பா ஸ்டோர்க்கார அண்ணனின் சட்டையை வாங்கி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் பிடித்தான். அப்பா விடவில்லை. இருவரும் ஒரு சட்டையின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, இன்னைக்கு மட்டும்" என்றார் அப்பா.

அண்ணன் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்தது வேறு விளையாட்டு. மாமா பந்தைப் பறித்தார், அண்ணன் அங்கே இருந்தான். அண்ணன் தட்டினான், முன்னால் ஆள் இருந்தான். நாட்டுப் பொடியன்கள் பந்துக்குப் பின்னாலேயே ஓடினார்கள். எவ்வளவு அழகாக ஆடினார்களோ அவ்வளவுக்கு மைதானத்தில் சிரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது. அம்மா, "போதும்டா, போதும்டா சாமி" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உயரமானவன் பின்னாலிருந்து வந்து அண்ணனின் காலில் உதைத்தான். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அண்ணன் முகம் குப்புற விழுந்தான். உதைத்தவன் மேலே நின்று அந்தப் பேச்சைச் சொன்னான். சுற்றிலும் பெரிய சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாரியாத்தா, மாரியாத்தா என்பதற்கு மேல் எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் எழும்பி நின்றான். அவன் கை மூடியிருந்தது. மாமா தூரத்தில் அசையாமல் நின்றார். அண்ணன் அந்த உயரமானவனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை விரித்து, நெஞ்சில் ஒட்டிய புல்லைத் துடைத்தான். பந்தை எடுத்து வைத்து, முன்னால் ஆள் ஓடத் தயாராக நின்றும், திரும்பி எங்கள் கோலியிடமே மெதுவாக உருட்டிவிட்டான். சனம் கைதட்டியது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "ஹொந்த கொல்லெக்" என்றார். மிச்ச நேரம் முழுக்க அண்ணன் பக்கத்தில் இருப்பவனுக்கே தட்டினான். கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். அப்பா எல்லாருக்கும் முதலில் கைதட்டினார்.

அன்று லயத்தில் கல் விழவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கே அம்மா சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிவிட்டாள். காட்டுக்குள் ஓட வேண்டாம், அண்ணன் காலும் உடையவில்லை, வேண்டுதல் பலித்துவிட்ட சந்தோசத்தில் எனக்கு வாய் ஓயவில்லை. நாட்டுப் பிள்ளைகளோடு பழகி எனக்குச் சிங்களம் கொஞ்சம் வரும் என்ற பெருமை வேறு.

"அப்பா, நம்ம அண்ணன அங்க எல்லாரும் ஹொந்த கொல்லெக், நல்ல புள்ளைன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன்" என்றேன்.

அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு எழும்பி வெளியே போய்விட்டான். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், கை சோற்றில் படவில்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சட்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு, புளி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.