பெரியம்மா பெயரில் ஒரு கம்பெனி

எங்கள் வீட்டிலிருந்து முதலில் விமானம் ஏறியவள் பெரியம்மா. ஏறியிருக்க வேண்டியவள் அம்மா என்பது என் கட்சி. அப்போது எனக்குப் பத்து வயது. கட்சியில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கருமத்தம்பட்டியில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து தறி ஓட்டினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், சமையலறைத் துண்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற ஆசை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பரவியபோது, அவர்களும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெண்கள் பெயரில் இருந்தால் சலுகை உண்டு என்று ஆடிட்டர் சொன்னார். மூத்த மருமகள் இருக்க இளையவள் பெயரை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. பெரியம்மாவின் பெயரோடு எக்ஸ்போர்ட்ஸ் என்று சேர்த்துப் பச்சை எழுத்தில் ஒரு போர்டு மாட்டப்பட்டது. கையெழுத்துக்குக் கூப்பிட்டால் பெரியம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள், காட்டிய இடத்தில் போடுவாள், குழம்பு அடிப்பிடிப்பதற்குள் திரும்பிவிடுவாள்.

வேலை அம்மாவுடையது. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்தவள் அவள். வெளிநாட்டுக்குப் போகும் பேக்ஸ் கடிதங்கள் எல்லாம் சாப்பாட்டு மேசையில் அவள் கையால் எழுதப்பட்டன. துணியின் ஓரத்தை நறுக்கி அட்டையில் ஒட்டுவதும், எந்தச் சாயம் வெந்நீரில் நிற்கும் என்று வாளியில் ஊறவைத்துப் பார்ப்பதும் அவள்தான். அடியில் மட்டும் பெரியம்மா பெயர் இருக்கும்.

ஒரு கோடையில் ஏற்றுமதிக்கு உதவும் அமைப்பு ஒன்றிலிருந்து தகவல் வந்தது. ஜெர்மனியில் ஆகஸ்டில் நடக்கும் கண்காட்சியில், பெண்கள் நடத்தும் கம்பெனிகளுக்குச் சலுகையில் கடை தருகிறார்கள். ஒரு நிபந்தனை: உரிமையாளர் நேரில் வந்து கடையில் இருக்க வேண்டும். பெரியப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பெயர் போய் நிற்க வேண்டிய இடத்தில் ஆளும் போய் நிற்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சின்னவ போனா நல்லா இருக்குங்கண்ணா. பேசிக்குவா," என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"போர்டுல யாரு பேரு இருக்குது?" என்றார் பெரியப்பா.

அத்தோடு அது முடிந்தது. பெரியம்மா போவதென்றும், துணைக்குப் பெரியப்பா போவதென்றும் ஆயிற்று.

பெரியம்மாவின் மகள் எனக்கு ஒரு வயது மூத்தவள். மறுநாளே பள்ளிக்கூட வேனில், ஜன்னலோர இருக்கையை இனிமேல் தனக்கே விட்டுவிட வேண்டும் என்றாள். எதற்கு என்றேன்.

"எங்கம்மா பிளேன்ல போறாங்க."

"எங்கம்மாதான் எல்லாம் எழுதிக் குடுக்கறாங்க."

"ஆமா, உங்கம்மா எழுதறாங்க. எங்கம்மா போறாங்க," என்றாள். நான் ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

மாலைகளில் அம்மா பெரியம்மாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். என் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் நேரம் அது. சமையலறையில் இருவரும் அரிசி புடைத்துக்கொண்டே பேசுவார்கள். நான் கதவருகில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒருவரும் என்னைக் கணக்குப் போடச் சொல்லவில்லை.

"குட்மார்னிங்ங்க. ப்ளீஸ் சிட்டுங்க," என்பாள் பெரியம்மா.

"ங்க வேண்டாமுங்க அக்கா."

"வெறும் சிட்டுன்னா, நாயை உக்காரச் சொல்றாப்பல இருக்குது அம்மணி. ஊட்டுக்கு வந்தவங்களை அப்படிச் சொல்லலாமா?"

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் கொஞ்சம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். அவளோ விலை கேட்டால் என்ன சொல்வது, அளவு கேட்டால் என்ன சொல்வது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள்.

பாஸ்போர்ட் வந்த அன்று அது கைக்குக் கை மாறியது. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். போட்டோ இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றவர்கள் மூடினார்கள். அவள் மட்டும் ஒன்றும் எழுதாத பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பிறகு, "போட்டோ நல்லா வந்திருக்குங்க அக்கா," என்று கொடுத்தாள். போட்டோ நன்றாக வரவில்லை. வெளிச்சம் பட்டுக் கண்கள் பாதி மூடியிருந்தன.

பீளமேடு விமான நிலையத்துக்கு வேன் வைத்துப் போனோம். அம்மா வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சமைக்க ஆள் வேண்டுமல்லவா.

திரும்பி வந்தபோது பெரியம்மா இறங்கிய விதமே வேறாக இருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அவள் மகளுக்குச் சிவப்பில் குளிர்கோட்டு. கருமத்தம்பட்டி வெயிலில் அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள், வேர்த்து ஒழுகியும் கழற்றவில்லை. எனக்கு ஒரு பென்சில் பெட்டி. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் துண்டுகள். மற்ற தேசத்துக் கடைகளில் சாம்பிளுக்கு வைத்திருந்த சமையலறைத் துண்டுகள்.

மற்றவர்களுக்குக் கோட்டும் பெட்டியும், அம்மாவுக்குக் கரித்துணியா என்று என் பென்சில் பெட்டியைத் திறக்காமலே வைத்தேன். அம்மா அவற்றைக் கட்டிலில் பரப்பி, ஒன்றின் ஓரத்திலிருந்து நூலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நீ சொன்ன மாதிரியே ஒவ்வொரு கடைலயும் கேட்டு வாங்குனேன் அம்மணி," என்றாள் பெரியம்மா.

"இது துருக்கிக்காரங்க நெசவுங்க அக்கா. பாருங்க, என்ன நெருக்கம்," என்றாள் அம்மா. அன்று அவள் சாப்பிட உட்காரவே நேரமாயிற்று.

அடுத்த வாரம் பேக்ஸ் வந்தது. ஜெர்மனியில் கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மையார் ஆர்டர் அனுப்பியிருந்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட கிறிஸ்துமஸ் துண்டுகள். பேசிக்கொண்டபடி தீபாவளிக்கு முன்பே மொத்தமும் கப்பலேற வேண்டும் என்றிருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சை நூல் சாயத்துக்கே இன்னும் போகவில்லை. தீபாவளி நெருங்கினால் தறிக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"யாரு ஒத்துக்கிட்டது?" என்றார்.

பெரியப்பா காபி தேடிப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மையார் கடைக்கு வந்திருக்கிறார். காலண்டரில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

"நான் எஸ்னு சொன்னேன்," என்றாள் பெரியம்மா.

"ஆகுமா ஆகாதான்னு ரோசனை பண்ண வேண்டாமா?" என்றார் பெரியப்பா.

"அத்தனை தூரம் நடந்து நம்ம கடைக்கு வந்து மொகத்துக்கு நேரா கேக்கறாங்க. ஆகாதுன்னு சொல்லிப்போட்டு எப்படிங்க நிக்கறது?"

அவளைக் குற்றம் சொல்ல எங்கள் ஊரில் யாராலும் முடியாது. வந்தவர் எது கேட்டாலும் ஆகட்டுங்க என்பதுதான் இங்கே மரியாதை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும் அதற்குப் பொருள். முடியாது என்ற செய்தி நாலு நாள் கழித்து வேறொருவர் வழியாகப் போய்ச் சேரும். இரு தரப்புக்கும் அது தெரியும். ஜெர்மனிக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் ஆர்டரிலேயே வாக்குத் தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். பேக்ஸின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. இதுபற்றி உரிமையாளரோடு மட்டுமே பேச விரும்புவதாகவும், பெண்கள் நடத்தும் கம்பெனி என்பதால்தான் வாங்க முன்வந்ததாகவும் அந்த அம்மையார் எழுதியிருந்தார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பெரியப்பா வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "அம்மணி, நீயே பேசிப்போடு. உங்கக்கா பேருலயே பேசு," என்றார்.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். "ஆகட்டுங்க," என்றாள்.

மத்தியானம் தறிகளை நிறுத்தச் சொன்னார்கள். சத்தம் நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். அம்மா ஆபீஸ் அறையில் போன் முன் நின்றாள். லைன் கிடைத்ததும் அருகிலிருந்த பெரியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா இருக்கும் இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரியப்பா சுவரோரமாக நின்றுகொண்டார்.

அம்மா முதலில் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி, நான்தான் பேசுகிறேன் என்றாள். எனக்கு முகம் சுட்டது.

பிறகு அவள் பேசியதில் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அப்பா பின்னால் சொன்னார். பாதித் துண்டுகள் தீபாவளிக்கு முன் கப்பலேறும், சிவப்பும் பச்சையுமாக. மீதியைப் பச்சை இல்லாமல் வெறும் சிவப்புக் கட்டமாகத் தை மாதம் அனுப்புகிறோம். பச்சை சேர்ந்தால்தான் அது கிறிஸ்துமஸ் துண்டு, சிவப்பு மட்டும் என்றால் வருடம் முழுக்க விற்கும். அப்புறம் அந்த அம்மையார் எதையோ சொல்ல, அம்மா சிரித்தாள். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

அப்பா தறியை ஓட்டச் சொல்லக் கிளம்பினார். பெரியப்பா, "அம்மணி பரவாயில்லையே," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

பெரியம்மா சாம்பிள் மேசையருகே நின்றிருந்தாள். "கடைசில சிரிச்சியே, அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"கடைல உங்க சேலை அழகா இருந்துச்சாமுங்க அக்கா. அதைச் சொன்னாங்க."

"எந்தச் சேலைன்னு கேட்டியா?"

"கேக்கலீங்க."

"நானா இருந்தாக் கேட்டிருப்பேன்," என்றாள் பெரியம்மா. "ரெண்டு நாளும் வந்தாங்க. முத நாளு அரக்கு. மறுநாளு மயில்கழுத்து."

அம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரியம்மாவின் முகம் வாடியிருந்ததை நான் நன்றாகவே பார்த்திருந்தேன். கோட்டுக்காரியிடம் சொல்ல ஓடினேன். அவள் வீட்டில் இல்லை. திரும்பும்போது ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்தேன்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. பெரியம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருந்தாள். எண் எதையும் சுழற்றவில்லை. தன் பெயரைச் சொல்வதுபோல உதடுகள் மட்டும் மெதுவாக அசைந்தன. பிறகு ரிசீவரைப் பதமாக வைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தாள். அம்மா பேசியதில் போன் கெட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்கிறாள், அவளுக்கு அவ்வளவு பொறாமை என்றுதான் அன்று நான் நினைத்தேன்.